சுவரில் விழுந்த சிவப்புக் கோடு

குமரி மாவட்டத்து நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 54. கணவர் இறந்துவிட்டார். பஸ் போகும் பழைய சாலையில் மூன்றே முக்கால் சென்ட் இடம். முன்பக்கம் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. அப்பா 1974-இல் வாங்கியது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில் இருக்கிறது. 1988-இல் அனுமதி வாங்கிக் கீழ்த்தளம் கட்டினார்கள். 2003-இல் அனுமதி வாங்காமலே மாடி எழுப்பினார்கள். அதில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் வாடகைக்கு இருக்கிறது. அப்புறம் கடைக்கு முன்னால் ஓடைக்கு மேல் சிலாப் போட்டு, இரண்டு படி கட்டி, தகரக் கூரையும் இறக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சுவரின் முகப்பிலிருந்து ஐந்தடி உள்ளே. பத்து நாள் கழித்து, இறந்துபோன அப்பாவின் பெயரில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஆக்கிரமிப்பையும் அனுமதியற்ற கட்டுமானத்தையும் 15 நாளில் அகற்ற வேண்டுமாம். கடைவீதியைப் புதுப்பிக்கப் போகிறார்கள், சாலை அகலமாகப் போகிறது என்று ஊரில் பேச்சு.

"முப்பது வருஷமா வரி கட்டுறீங்க, யாரும் கை வைக்க முடியாது" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். திருவனந்தபுரத்தில் இருக்கும் தம்பியோ, "இங்கல்லாம் யு.ஏ. நம்பர் வாங்கி வரி கட்டினா முடிஞ்சுது, அங்கயும் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அனுமதியற்ற கட்டிடத்துக்கு வரி போடக் கேரளத்தில் கொடுக்கும் எண் அது. 40,000 ரூபாய் கொடுத்தால் நோட்டீஸையே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். "வக்கீலம்மா, எல்லாத்தையும் இடிச்சிருவாங்களா? ஸ்டே வாங்கினா போதுமா? ரோட்டுக்கு எடம் எடுத்தா காசு குடுப்பாங்களா?" என்று கேட்கிறார் வாசகி. கடைசிப் பக்கத்தில், கடைவாசலில் பூ விற்கும் ஒரு அம்மாவைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எல்லாத்தையும்" என்ற சொல் அதில் ஏழெட்டு இடத்தில் வருகிறது. உங்கள் பயத்துக்குக் காரணமே அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது ஒரே கட்டிடம். சட்டம் அதை மூன்று துண்டாகப் பார்க்கும். ஓடைக்கு மேல் இருக்கும் சிலாப், படி, கூரை ஒரு துண்டு. உங்கள் சொந்த நிலத்தில் அனுமதியில்லாமல் நிற்கும் மாடி இரண்டாவது. சாலைக்காக அவர்கள் கேட்கக்கூடிய, சுவருக்கு உள்ளே இருக்கும் ஐந்தடி மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கால அவகாசம் வேறு, உங்கள் உரிமையும் வேறு. உங்களுக்கு வந்த நோட்டீஸ் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டது. அந்த முடிச்சை நம் பதிலில் அவிழ்க்க வேண்டும்.

அளந்து பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்

சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் "அது வரைக்கும் புறம்போக்கு போல" என்று முடிவு செய்துவிட்டீர்கள். கோடு போட்டவர் அப்படி எங்கேயும் எழுதித் தரவில்லையே. அது அரசு நிலத்தின் எல்லையாக இருக்கலாம், வரப்போகும் சாலையின் விளிம்பாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. இரண்டாவது என்றால் பணம் கொடுக்காமல் அந்த இடத்தைத் தொட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. அதனால்தான் அளவை முதலில் வைக்கிறேன்.

நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புலப்பட நகல், 1974 பத்திரம், தாய்ப்பத்திரம் நான்கையும் ஒன்றாக வையுங்கள். மலையாளப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்து, நான்கு எல்லைகளையும் தமிழில் எழுதி வாங்குங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்பு இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பழைய சர்வே எண் ஒன்றாகவும் ரீசர்வே எண் வேறாகவும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் கடிதத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதோடு எல்லை அளவீட்டுக்கு மனுப் போட்டு, பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அளக்க வரும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். சர்வே கல்லிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் சாலையின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக டேப் பிடிப்பதுண்டு. எதிர்வரிசையில் யாராவது ஐந்தடி முன்னே வந்து கட்டியிருந்தால், தார் போட்ட சாலையே உங்கள் பக்கம் நகர்ந்திருக்கும். அதன் நடுவிலிருந்து அளந்தால் அவருடைய தப்பு உங்கள் சுவரில் கோடாக விழும். நான் பார்த்த வழக்குகளிலேயே இது நடந்திருக்கிறது. எதிர்வரிசைக்காரரைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஆவணப்படி அளக்கச் சொல்வது யாரையும் காட்டிக்கொடுப்பதாகாது.

ஓடைக்கு மேல் இருப்பது

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். சிலாப்பையும் படியையும் கூரையையும் காப்பாற்ற முடியாது. அதற்காக வழக்குப் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்.

12 வருஷம் அனுபவித்தால் சொந்தம் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தனியார் நிலத்துக்கு உள்ள கணக்கு, அதற்கும் ஆயிரம் நிபந்தனை உண்டு. பொதுச் சாலையும் ஓடையும் எத்தனை வருஷ அனுபவத்தாலும் தனிச் சொத்தாகாது.

உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த "15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக்கூடாது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு" என்ற செய்தியில் பாதிதான் இருக்கிறது. 2024 நவம்பர் 13-ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு உண்மையானது, முக்கியமானது. நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பி, கட்டிடத்திலும் ஒட்ட வேண்டும். உரிமையாளரை நேரில் கேட்க வேண்டும். காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் காத்திருக்க வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். ஆனால் சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் இருக்கும் கட்டுமானத்துக்கு இந்த நடைமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஆகவே, அளந்து பார்த்து அது ஓடைதான் என்று உறுதியானால் நீங்களே எடுத்துவிடுங்கள். ஜேசிபி வந்து இழுத்தால் படியோடு கடை வாசலின் தூணும் சேர்ந்து வரும். கொத்தனாரை வைத்து நீங்கள் எடுத்தால் தூண் நிற்கும், தகரமும் மிஞ்சும். எடுத்த பிறகு தேதியோடு போட்டோ எடுத்து, "ஓடைப் பகுதியை நாங்களே அகற்றிவிட்டோம்" என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மற்ற இரண்டு துண்டுக்காகப் பேசும்போது இந்தக் காகிதம் உங்களுக்குப் பெரிய துணை.

மாடியும் வரி ரசீதும்

மாடி உங்கள் நிலத்தில் இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லை. இது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் வரும் விஷயம். அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்லும் நோட்டீஸ் அதன் 56-ஆம் பிரிவில் வருகிறது, அதற்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். உங்கள் நோட்டீஸில் 15 நாள் என்று இருக்கிறது, பிரிவு எண்ணையே காணோம். பதிலில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கட்டிடத்தின் எந்தப் பகுதி, எத்தனை அடி?

நோட்டீஸில் சொன்ன காலத்துக்குள், கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாமல் நாள் கடந்துபோகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. அரசிடம் முறையிட 80-ஏ பிரிவும் இருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டி வந்தால் ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் காலண்டரில் குறித்து நாளை எண்ணுங்கள்.

வரி ரசீதுக்கு வருகிறேன். கட்டிடம் இருக்கிறது, அதை ஒருவர் அனுபவிக்கிறார் என்பதற்காக வசூலிப்பது வரி. வரி கட்டியதால் அனுமதி வந்துவிடாது. மின் இணைப்பும் அப்படியே. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பில், வருஷங்கள் கடந்ததும், அதிகாரிகள் சும்மா இருந்ததும், நிறையப் பணம் செலவழித்ததும் அனுமதியற்ற கட்டுமானத்தை நியாயமாக்காது என்று சொல்லியிருக்கிறது.

தம்பியிடம் அன்போடு சொல்லுங்கள்: எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் சட்டம் வேறு. கேரளத்தின் யு.ஏ. நம்பர் நமக்கு இல்லை. அங்கேயும் அது அனுமதியற்ற கட்டிடத்துக்கு வரி போட வைத்த எண்தானே தவிர அனுமதி ஆகாது. கொச்சி பக்கத்து மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டியவை அவை. அங்கே குடியிருந்தவர்களும் காசு கொடுத்து வாங்கி, வரி கட்டி வாழ்ந்தவர்கள்தான்.

அப்படியானால் உங்கள் ரசீதெல்லாம் வீணா? இல்லை. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டிடங்களை வரன்முறைப்படுத்த நம் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உங்கள் மாடி 2003-இல் கட்டியது என்பதைக் காட்ட, மாடிக்கு முதன்முதலில் வரி போட்ட ஆண்டின் ரசீதும், மாடி மின் இணைப்பின் தேதியும்தான் நல்ல சாட்சி. ரசீதை வயதுச் சான்றாகப் பயன்படுத்துங்கள். அந்தப் பிரிவில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். இல்லையென்றாலும், 2019-இன் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி மாடியில் எவ்வளவு பொருந்துகிறது, எதை வெட்டினால் பொருந்தும் என்று பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போட்டுக் கேளுங்கள். பக்கத்து இடைவெளிக்காக ஒரு அறையை இழந்து மீதி மாடியைக் காப்பாற்றியவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். முன்பக்கத்தில் எந்த இடிப்பு வேலை நடந்தாலும், அது முடிந்து பொறியாளர் பார்த்து எழுதித் தரும் வரை மாடியில் டியூஷன் வேண்டாம். பிள்ளைகள் ஏறி இறங்கும் இடம். வாடகை ஒரு மாதம் போகட்டும்.

சுவருக்கு உள்ளே ஐந்தடி

அளவீட்டில் அந்த ஐந்தடி உங்கள் பட்டா நிலம் என்று வந்தால், அதை ஆக்கிரமிப்பு நோட்டீஸால் எடுக்க முடியாது. அனுமதியற்ற கட்டிடம் என்ற நோட்டீஸாலும் முடியாது. கட்டிடத்தில் குறை இருக்கலாம், நிலம் உங்களுடையது. சாலைக்கு வேண்டுமென்றால் முறைப்படி கையகப்படுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு இதற்குக் காவல். 2024 மே மாதத்தில் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்தே சொன்னது: முன்னறிவிப்பு, ஆட்சேபணை கேட்பது, காரணத்தோடு முடிவு, பொதுப் பயன், நியாயமான இழப்பீடு, காலத்தில் முடிப்பது, நிலத்தை முறையாக எடுத்துக்கொள்வது. இவற்றில் ஏதாவது விடுபட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்தைத் தோராயமாகக் கணக்குப் பார்க்கலாம். முகப்பு 22 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தடி ஆழம் என்றால் 110 சதுர அடி, கால் சென்ட்டுக்கு ஒரு அடி கூட. 2013-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, கட்டிடத்தின் மதிப்பைத் தனியாகச் சேர்த்து, அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை தர வேண்டும். கட்டிட மதிப்பைப் பேசும்போது 1988 அனுமதி வரைபடம் கையில் இருக்க வேண்டும். வீட்டில் இல்லையென்றால் அலுவலகத்தில் நகல் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சம்மதக் கடிதம்" என்றோ "தானப்பத்திரம்" என்றோ ஒரு காகிதத்தை நீட்டினால், கடை வாசலில் நின்றுகொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிட அனுமதி கேட்கும்போது சாலைக்கான இடத்தைத் தானமாக எழுதித் தருவது உண்டு, அதற்குப் பதிலாகக் கூடுதல் கட்டிடப் பரப்பு கேட்கவும் வழி உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிலருக்கு அது லாபமாகக்கூட இருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு இழப்பீடு கேட்க முடியாது.

சாலை எத்தனை அடிக்குப் போகிறது, எந்தத் திட்டம், எந்த உத்தரவு, உங்கள் வரிசையில் யாருக்கெல்லாம் நோட்டீஸ் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். சாலை அகலமாவதே அநியாயம் என்று உங்கள் கடிதம் முழுக்க ஒரு குரல் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடையை அடைத்துவிட்டு மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கிறதே என்று வருந்துகிற ஊர் நம்முடையது. வேலை நடக்கட்டும். ஆனால் பட்டா நிலத்தை எடுத்தால் பணம் கொடுத்து எடுக்க வேண்டும்.

பதில், ஸ்டே, 40,000 ரூபாய்

இறந்தவர் பெயரில் வந்த நோட்டீஸ் செல்லாது என்று சொல்லிச் சும்மா இருக்காதீர்கள். நாளைக்கு உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வரும், அவ்வளவுதான். அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து, நீங்களும் தம்பியும் சேர்ந்து கையெழுத்திட்டு, 15 நாளுக்குள் பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அளவீட்டு மனுவின் ரசீதை இணைத்து, அளவு முடியும் வரை சுவருக்கு உள்ளே எதையும் தொட வேண்டாம் என்றும், நேரில் கேட்க ஒரு நாள் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். பட்டாவை உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றும் வேலையையும் இதோடு தொடங்கிவிடுங்கள். இழப்பீடு வரும் நாளில் பட்டா அப்பா பெயரில் இருந்தால் பணம் கைக்கு வர இழுத்துக்கொண்டே போகும்.

ஸ்டே வாங்கினால் போதும் என்பது தப்பான நம்பிக்கை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் பெரும்பாலும் கிடைப்பது, "மனுதாரரின் பதிலை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள், அதுவரை இப்போதுள்ள நிலை தொடரட்டும்" என்ற உத்தரவு. அந்தப் பதிலையே நீங்கள் கொடுக்கவில்லையென்றால் நீதிமன்றம் எதைப் பரிசீலிக்கச் சொல்லும்? பதிலைக் கண்டுகொள்ளாமல் இடிக்க வந்தால் அன்றைக்கு நீதிமன்றம் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். வக்கீல் செலவுக்குக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க 1987-இன் சட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

40,000 கேட்டு வந்தவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

பூக்கார அம்மா

தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வாங்கிவந்து உங்கள் வாசலோரம் விற்கும் அம்மாவை இனி உட்கார வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாளுக்கு 30 ரூபாய் அவரிடம் வாங்குவதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த 30 ரூபாயை இன்றோடு நிறுத்துங்கள். அவர் உட்காரும் நடைபாதை உங்களுடையது அல்ல, அதற்கு வாடகை வாங்க உங்களுக்கு உரிமை கிடையாது. நோட்டீஸ் விசாரணையில் யாராவது இதைச் சொன்னால் பொது இடத்தை வாடகைக்கு விட்டவர் என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும்.

அவரைப் போகச் சொல்ல வேண்டியதில்லை. 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்காகவே இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை, கணக்கெடுப்பில் வர வேண்டிய வியாபாரியை அப்புறப்படுத்தக்கூடாது. வேறு இடத்துக்கு மாற்றினால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இதையெல்லாம் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் பதிலைக் கொடுக்க அலுவலகம் போகும் அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லியிருக்கிறீர்கள், அவருடைய மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எத்தனை வருஷமாக அங்கே பூ விற்கிறார் என்பதற்கு உங்களைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடையாது.

நோட்டீஸின் நகலில் முத்திரைத் தேதி சரியாகத் தெரியவில்லை. கவரில் இருக்கும் தபால் முத்திரையைப் பாருங்கள், கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் உங்களுக்கு ஐந்தாறு நாள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பியை இந்த வெள்ளிக்கிழமையே வரச் சொல்லுங்கள்.